நைனா சொன்ன உளவு

எங்கள் நைனாவின் பெயர் ஒரு புத்தகத்தில் இருக்கிறதாம். நான் பிறப்பதற்கு முன், ஆராய்ச்சி மாணவர் ஒருவர் எங்கள் ஊரான நாகலாபுரத்துக்கு வந்து, ஏர், நுகம், கலப்பை என்று உழவுச் சொற்களையெல்லாம் அவரிடம் கேட்டு எழுதிக்கொண்டு போனாராம். இதைக் கேட்டுக் கேட்டு எங்களுக்குக் காது புளித்துவிட்டது.

திருப்பதியில் நான் ஆராய்ச்சிக்குச் சேர்ந்த வருடம் நைனா படுத்த படுக்கையானார்.

"நீதான் பெரிய லைப்ரரிக்குப் போய்க்கினு இருக்கியே. அந்த உளவு புஸ்தகத்த ஒரு தபா கொண்டாந்து காட்டும்மா. என் பேர பாத்துடறேன்."

"உளவுன்னா ஒற்று வேலை, நைனா. உழவு. நாக்கை மடக்கிச் சொல்லு" என்றேன். எம்.ஏ. படித்த திமிர். அவரும் சிரித்துக்கொண்டே மடக்கிப் பார்த்தார், வரவில்லை.

நூலகக் கணினியில் ஆங்கில எழுத்தில்தான் தேட வேண்டும். உழவு என்பதை, ழகரத்துக்கு உரிய z, h இரண்டு எழுத்தையும் ஒழுங்காகப் போட்டுத் தேடினேன். ஒன்றும் வரவில்லை. வெளியூர் நூலகங்களிலிருந்து வரவழைக்கும் படிவத்திலும் அப்படியே எழுதிக் கொடுத்தேன். அப்படி ஓர் ஆய்வேடு இல்லை என்று பதில் வந்தது. வீட்டுக்குப் போய் அதையே சொன்னேன்.

"அப்போ இத்தினி வருசமா நான் பொய்யா சொல்லிக்கினு இருந்தேன்?"

கேட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவேயில்லை. மாசியில் போய்விட்டார்.

காரியம் முடிந்து நூலகத்துக்குத் திரும்பினேன். படிவங்களைக் கவனிக்கும் தெலுங்கு அம்மா துக்கம் விசாரித்தார். அவரிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். என் பழைய படிவத்தைத் தேடி எடுத்துப் பார்த்தார்.

"உங்க ழ எங்க நாக்குல திரும்பாதும்மா. எங்களுக்கு அந்த எழுத்தே லேது. யாராச்சும் ள போட்டு ஏத்தியிருப்பாங்க, இரு" என்று தட்டினார். முதல் வரியிலேயே வந்தது.

பத்து நாளில் ஆய்வேடு வந்து சேர்ந்தது. யாரும் தப்பாக ஏற்றியிருக்கவில்லை. அட்டையிலேயே 'உளவு' என்றுதான் இருந்தது. உள்ளே சொற்பட்டியலில், 'உளவு: ஏர் ஓட்டுதல்' என்று போட்டு, சொன்னவர் என்ற இடத்தில் நைனாவின் பெயரும் ஊரும் இருந்தன. வந்த மாணவர் எதையும் திருத்தவில்லை. நைனா வாயில் வந்ததை வந்தபடியே எழுதி, அதையே தலைப்பாகவும் வைத்திருந்தார்.

நூலகத்தைவிட்டு வெளியே எடுத்துப் போகக் கூடாத பிரதி. மூடுகிறவரை அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நைனா சொன்னபடியே எழுதிக் கொடுத்திருந்தால் இந்தப் பக்கத்தின் நகலையாவது பார்த்திருப்பார். நான் திருத்தி எழுதினேன்.