விழாமல் நின்ற அண்ணன்

என் அண்ணனை நான்தான் கொன்றேன் என்று சொன்னால் வீட்டுக்காரர் கோபித்துக்கொள்கிறார். "மாரடைப்புக்கு நீ என்ன பண்ணுவ?" என்கிறார். அவர் சமவெளி மனிதர், அவருக்கு என்ன தெரியும்! எனக்கு மட்டும் என்ன தெரிந்திருந்தது?

திருப்பத்தூரில் ஒரு கல்லூரியில் தத்துவம் நடத்துகிறேன். பிறந்த ஊர் ஜவ்வாது மலைமேல். அப்பா இறந்த வருஷம், பத்து வயதில், என்னைக் கீழே விடுதிப் பள்ளியில் கொண்டுவந்து சேர்த்தவன் அண்ணன். அவன் ஏர் பிடித்தான், நான் புத்தகம் பிடித்தேன். அதற்குப் பிறகு எது நடந்தாலும் என்னைக் கேட்பான். மாட்டுக்கு ஊசி போடலாமா, எந்த விதை வாங்கலாம், மகளுக்கு என்ன பேர் வைக்கலாம், எல்லாவற்றுக்கும் "நீ படிச்ச புள்ள, நீ சொல்லு பாப்பா" என்பான். எனக்கும் அது பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்ன, தலைகால் புரியாமல் இருந்தேன்.

எங்கள் ஊர்க் கோயில் புளியமரத்தை யாரும் தன்னிஷ்டத்துக்கு உலுக்கக் கூடாது. மாசியில் ஊர்கூடி நாள் குறித்து, எல்லா வீட்டாரும் சேர்ந்துதான் உலுக்குவார்கள். ஐந்து வருஷத்துக்கு முன்னால், குறித்த நாளுக்கு முன்பே யாரோ உலுக்கிவிட்டார்கள். அன்று விடிகாலையில் அண்ணன் மாட்டுக் கொட்டகைக்குச் சருகு அள்ள அந்த மரத்தடிக்குக் கோணிப்பையோடு போயிருந்தான். இரண்டு பேர் பார்த்துவிட்டார்கள். போதாதா?

ஊர்ச் சபை கூடியது. நடுவில் வெற்றிலை பாக்கை வைத்து, சபை முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழு என்றார்கள். விழாவிட்டால் ஊர் விலக்கு. யாரும் பேசமாட்டார்கள், கூட்டு வேலைக்கு வரமாட்டார்கள், நல்லது கெட்டதுக்கு வாசல் மிதிக்கமாட்டார்கள். அண்ணன் ஒருநாள் தவணை கேட்டுவிட்டு, மறுநாள் மத்தியானம் டவர் கிடைக்கிற பாறைமேல் ஏறி எனக்குப் போன் போட்டான்.

"பாப்பா, நான் உலுக்கலம்மா. சருகு அள்ளத்தான் போனேன்."

"எனக்குத் தெரியாதாண்ணா?"

"அப்போ... உழுந்துடட்டுமா?"

நான் அப்போதுதான் வகுப்பிலிருந்து வெளியே வந்திருந்தேன். சந்தைவெளியில் நின்று, நீதி என்றால் என்ன, அறிவு என்றால் என்ன என்று போவோர் வருவோரையெல்லாம் கேள்வி கேட்டே துளைத்த ஏதென்ஸ் கிழவர்மேல் நடந்த விசாரணையைப் பாடமாக நடத்திவிட்டு வந்திருந்தேன். அழுது கெஞ்சியிருந்தால் தப்பித்திருக்கலாம். பிள்ளைகளைக் கூட்டிவந்து சபைமுன் நிறுத்தியிருக்கலாம். அவர் மாட்டேன் என்றார், நஞ்சு குடித்தார். சொல்லச் சொல்ல எனக்கே உடம்பு சிலிர்த்தது. அந்தச் சிலிர்ப்பு அடங்குவதற்குள் அண்ணனுடைய போன்.

"விழக்கூடாதுண்ணா! செய்யாத தப்புக்கு எதுக்கு விழணும்? அநியாயம் பண்றதைவிட அநியாயத்தைத் தாங்கிக்கிறது எவ்வளவோ மேல். நிமிர்ந்து நில்லு."

பாறைமேல் அடிக்கிற காற்று போனில் கேட்டது.

"உழுந்துட்டா முடிஞ்சிரும் இல்ல பாப்பா?" என்றான் மெதுவாக.

"விழுந்தா நீ திருடன்னு நீயே ஒத்துக்கிற மாதிரிண்ணா."

"செரி, நீ சொன்னா செரி. வெச்சிடட்டா?"

அன்று சாயங்காலம் சபையில் நின்றான், விழவில்லை. விலக்கிவிட்டார்கள்.

மனு எழுதித் தருகிறேன், கலெக்டர் ஆபீசுக்குப் போகலாம் என்று நான் குதித்தேன். "நம்ம ஊர்மேலயே மனுவா? இன்னா பேசற நீ" என்று ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டான். நான்கு வருஷம் அண்ணனும் அண்ணியும் மட்டுமே சாமை அறுத்தார்கள், மிதித்தார்கள், தூற்றினார்கள். பத்து ஆள் வேலை. மகள் கல்யாணத்தைக் கீழே ஒரு மண்டபத்தில் வைத்தோம், ஊரிலிருந்து ஒரு சனம் இல்லை. பந்தியில் காலி இலைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் சிரித்தான், பாவி.

போன கார்த்திகையில் சாமைக் கொல்லையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். பக்கத்துக் கொல்லைக்காரர்தான் விலக்கை மறந்து ஓடிவந்து தூக்கினார். வீடு வருவதற்குள் உயிர் இல்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது வாசலில் அண்ணியும் மகளும் மருமகனும் மட்டும்தான். குழி வெட்ட ஆள் இல்லை. ஊர்ச் சபை புளியமரத்தடியில் கூடியிருந்தது. நேராகப் போனேன். பெண்கள் போகிற இடம் இல்லை அது, போனேன். வெற்றிலையை வைத்துவிட்டு மண்ணில் விழுந்தேன்.

ஊர்ப் பெரியவர் பதறிப்போய் என் தோளைப் பிடித்துத் தூக்கினார். "எந்திரி கண்ணு, எந்திரி. முடிஞ்சிச்சு, அவ்ளோதான். டேய், மண்வெட்டி எடுங்கடா."

அவ்வளவுதானா? எனக்கு ஆத்திரம் பொங்கியது. "அவன் உலுக்கல மாமா! செய்யாததுக்கு விழச் சொன்னீங்களே!"

"அவன் உலுக்கலன்னு எங்களுக்குத் தெரியாதா? உலுக்குனவன் யார்னும் தெரியும். பேரச் சொன்னா ரெண்டு வூடும் வெட்டிக்கினு சாவும். யார்மேல பேச்சு வந்துதோ அவன் உழுந்து எந்திரிச்சா பேச்சு போயிரும், ஊரு ஒண்ணாயிரும். உழுந்தவன் திருடன்னு எவன் சொன்னான் உனக்கு? நானே மூணு தபா உழுந்திருக்கேன், ஒண்ணும் பண்ணாமலே."

இதுதான் நீதியா என்றால், இல்லை என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். யாரோ செய்ததற்கு யாரோ மண்ணைக் கவ்வுவது என்ன நீதி? ஆனால் அண்ணன் அன்றைக்கு என்னிடம் நீதியைக் கேட்கவில்லை. ஊருக்குள் இருக்கட்டுமா என்று கேட்டான்.

அடக்கம் முடிந்து, முற்றம் நிறைய ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான்கு வருஷமாக வராதவர்கள். அடுப்படியில் அண்ணியிடம் போய்க் கேட்டேன்.

"விழுந்தா குத்தம் இல்லைன்னு அண்ணனுக்குத் தெரியுமா அண்ணி?"

"அவருக்குத் தெரியாமயா? சின்ன வயசுலேர்ந்து சபையில உக்கார்ற மனுசன்."

"அப்புறம் ஏன் நின்னான்?"

அண்ணி என்னைப் பார்க்கவே இல்லை. அடுப்பில் விறகைத் தள்ளினாள். "நானும் கேட்டேன். 'பாப்பா படிச்ச புள்ள, நமக்குத் தெரியாதது எதனா அதுக்குத் தெரிஞ்சிருக்கும்'னாரு."

தனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிக்கொண்டே திரிந்தவர் அந்தக் கிழவர். அன்று போனை அவர் எடுத்திருந்தால் முதல் வேலையாக, "விழுவது என்றால் உங்கள் ஊரில் என்னப்பா அர்த்தம்?" என்று கேட்டிருப்பார். பதினெட்டு வருஷமாக அவரை நடத்துகிற நான் கேட்கவில்லை. அண்ணன் இரண்டு முறை கேட்டான், நான் ஒரு முறைகூடக் கேட்கவில்லை.