கூரைத் தூசிப் பை

மக்களே, சுரங்கத்தில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கும்போதெல்லாம் "தூசி வேலை" என்பேன், நீங்களும் சிரிப்பீர்கள். இன்று முழுதாகச் சொல்கிறேன்.

கரிக்கட்டி லேசில் தீப்பிடிக்காது. அதே கரி மாவாகிக் காற்றில் பறந்தால் ஒரு பொறி போதும், வெடித்துவிடும். அதனால் தரை, சுவர், கூரை எல்லாவற்றிலும் வெள்ளைச் சுண்ணாம்புக்கல் தூளை வீசுவோம். கரித்தூசியோடு அது போதுமான அளவு கலந்திருந்தால் தீ பரவாது. கலந்திருக்கிறதா என்று பார்க்க, மூன்று இடத்துத் தூசியையும் பிரஷால் கூட்டி, தனித்தனிப் பையில் சோதனைக்கு அனுப்புவோம். எனக்கும் கன்னியாகுமரிக் கடற்கரைக்காரர் ஒருவருக்கும் இந்த வேலை.

ஒருநாள் ஷிஃப்ட் முடியும் நேரம். அவர் அன்றே ஊருக்கு ரயில் ஏற வேண்டும், மகள் மாதா கோயிலில் முதல்முறை நற்கருணை வாங்கும் புதுநன்மை. அந்த வண்டியை விட்டால் கோயிலில் பிள்ளை பக்கத்தில் அப்பா இருக்கமாட்டார். கூரைப் பை மட்டும் பாக்கி. ஏணி கொண்டுவருவது என் முறை, மறந்துவிட்டேன்.

அவர் குத்தவைத்து உட்கார்ந்து, தரைத் தூசியையே கூட்டிக் கூரைப் பையில் போட்டார்.

"அண்ணே, மேல உள்ளதுதான முதல்ல பறக்கும்?"

"நீ ஏணி எடுத்துட்டு வாறதுக்குள்ள எனக்க வண்டி பறந்துரும் மக்கா. பரிட்சையில காப்பி அடிச்சதே இல்லியாக்கும்?"

"அடிச்சிருக்கேன். அதான் எட்டாங்கிளாசோட நிக்கேன்."

சிரித்தார். சிரித்த கண் கலங்கியிருந்தது. "அங்க அவ வாசலையே பாத்துட்டு நிப்பாடே" என்றார்.

'கூரை' என்று சீட்டு எழுதி அந்தப் பையின் வாயில் கட்டியதே நான்தான். அவர் ஓடினார். அவரைக் குறை சொல்லாதீர்கள் மக்களே, ஏணியை மறந்தவன் நான்.

பைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தேன். அடுத்த ஷிஃப்ட் ஆட்கள் எதிரே வந்தார்கள். ஒருவர் வெற்றிலைக் கறைப் பல் தெரியச் சிரித்துவிட்டுப் போனார். அவர்கள் போன பக்கம் தலைவிளக்கைத் திருப்பி மேலே பார்த்தேன். சமையலறைக் கூரை மாதிரி கரி அப்பியிருந்தது. தரையில் காலையில்தான் வெள்ளைத்தூள் போட்டோம். அதை அள்ளிப்போட்ட கூரைப் பை எந்தச் சோதனையிலும் தேறிவிடும். கூரைக்கு யாரும் தூள் வீச வரமாட்டார்கள்.

அங்கேயே நின்று கூரைப் பையை அவிழ்த்துக் கொட்டினேன். திரும்பிப் போய் ஏணியைத் தோளில் தூக்கி வந்து, ஏறி, கூரையைக் கூட்டினேன். பையில் விழுந்தது முழுக்கக் கறுப்பு. அதே சீட்டை எடுத்து அதன் வாயில் கட்டினேன்.