அம்மாவின் காலில் விழுந்த குழி

குழைத்த ரொட்டி மாவைப் போலக் குளிர்ந்து, மினுமினுத்து, வாவிச் சேற்று மணத்தோடு இருந்தது அம்மாவின் கணைக்கால். எட்டு வயதில் விளையாட்டாக அதை அழுத்தினேன். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே கிடந்தது.

சுனாமி வந்துபோய் ஐந்து மாதம். வாழைச்சேனைப் பக்கம் தகரக் கொட்டிலொன்றில் இருந்தோம். அம்மாவுக்கு எட்டாம் மாதம். இடுப்பளவு தண்ணீரில் நின்று கையால் துழாவி இறால் பிடிப்பதுதான் அவள் தொழில். வீக்கத்தைக் காட்டினால், "தண்ணிக்க நிண்ட காலு ஊதாம என்ன செய்யும் கா?" என்று அயல் பெண்கள் சிரித்தார்கள். எல்லோர் காலும் ஊதித்தான் இருந்தது. ஆனால் அவர்கள் காலில் குழி விழவில்லை. அதை நான் திருட்டுத்தனமாக அழுத்திப் பார்த்துவிட்டேன். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. தினமும் விடிந்ததும் அம்மாவின் காலை அழுத்துவேன். குழி ஆழமாகிக்கொண்டே வந்தது.

ஒரு நாள் தலையைப் பிடித்துக்கொண்டு, "கண்ணுக்குள்ள மின்னுது புள்ள" என்றாள். பக்கத்துக் கொட்டிலுக்குக் குழந்தை பார்க்க வந்திருந்த மருத்துவமாதை, நாங்கள் "மிஸ்ஸி" என்பவரை, கையைப் பிடித்து இழுத்துவந்தேன். பிரஷர் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது.

"ஏன் கா கிளினிக்குக்கு வரல்ல?"

"காட்டக் கடல் கொண்டு போயிற்று மிஸ்ஸி. காட் இல்லாம வந்தா ஏசுவீங்களெண்டு பயம்." காட் என்றது கர்ப்பிணிகளுக்குக் கிளினிக்கில் தரும் பதிவு அட்டையை.

"காட்டுக்கா நாங்க வைத்தியம் பாக்கிற? ஆரம்பத்திலயே வந்திருந்தா இந்தளவுக்கு விட்டிருப்பமா? சுறுக்கா ஓட்டோவப் புடியுங்க!"

அப்பா பிடித்துவந்த ஓட்டோவில் போனோம். வழியில் சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். துவக்கும் சீருடையுமாக நின்றவர்கள் சாமான்களைக் கிளறிக்கொண்டிருக்க, அம்மாவின் கண்கள் மேலே செருகுவதைப் பார்த்தேன். ஆஸ்பத்திரி வாசலில் வலிப்பு வந்தது. அம்மா செத்துவிடுவாள் என்றே நம்பினேன். கடலிடம் தப்பியவளைக் காலிடம் பறிகொடுக்கப்போகிறோமே என்று அப்பாவின் இடுப்புச் சாரத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். வயிற்றைக் கீறித் தம்பியை உயிரோடு எடுத்தார்கள், ஒரு கைப்பிடி அளவில். அம்மா கண் திறக்க இரண்டு நாளாயிற்று.

அந்தக் கொட்டில்கள் இப்போது இல்லை. யுத்தம் முடிந்த பின் சாவடியும் போய்விட்டது. இப்போது எனக்கு ஏழாம் மாதம். என் கிளினிக் காட்டைப் பொலித்தீன் பைக்குள் சுற்றி அம்மாவே வைத்திருக்கிறாள், கேட்டாலும் தரமாட்டாள். காலையில் நான் விழிக்குமுன் அவள் கட்டைவிரல் என் கணைக்காலை அழுத்தும். விரலை எடுத்ததும் தோல் மேலெழும்பவேண்டும். அதைப் பார்த்த பிறகுதான் தேத்தண்ணி வைக்கப் போவாள்.