மேற்கே போன வாசல்

எங்கள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கியபோது, நிற்பதற்கு வேறு ஆள் இல்லாமல் என் மதினியை நிறுத்தினார்கள். அண்ணன் அரிசி ஆலையில் மூட்டை சுமப்பவன். மதினி வீட்டில் பீடி சுற்றுவாள். மூன்றாம் வகுப்போடு நின்றவள். கையெழுத்து மட்டும் பையப் போடுவாள். ஓட்டுக் கேட்டுப் போன வீடுகளில் அவள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: பெண்களுக்குச் சுவரும் கதவும் வைத்த ஒரு கழிப்பிடம்.

அதன் அவசரம் அப்போது எனக்குத் தெரியாது. எங்கள் தெரு ஆண்கள் எந்நேரமும் வாய்க்கால் பக்கம் போய் வரலாம். பெண்கள் விடிவதற்கு முன் போகவேண்டும், இல்லையென்றால் பொழுது அடைந்த பின். இடைப்பட்ட பகல் முழுவதும் பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மதினி வயிற்றில் பிள்ளையோடு இருந்த கோடையிலும் அப்படித்தான் இருந்தாள். தண்ணீர் மொண்டு கொடுத்தால் இரண்டு மடக்குக் குடித்துவிட்டுச் செம்பைத் திருப்பித் தந்துவிடுவாள். அவளுக்குத் தண்ணீர் பிடிக்காது என்றே வெகுநாள் நினைத்திருந்தேன்.

வென்றாள். பேரூராட்சி அலுவலகத்துக்கு நடையாய் நடந்து கட்டிடத்துக்கு அனுமதியும் வாங்கிவிட்டாள். பஸ் நிறுத்தத்தை ஒட்டிய புறம்போக்கில் இடம். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவன் என்பதால் வரைபடத்தை என் முன்னால்தான் விரித்தார்கள். வாசலை எந்தப் பக்கம் வைக்க என்று கொத்தனார் கேட்டார். உங்கள் இஷ்டம் என்றார் ஓவர்சியர். நான் யோசிக்கவே இல்லை. கிழக்கே பார்த்து வையுங்கள் என்றேன். வீட்டுக்கு அப்படித்தானே வைக்கிறோம். சுற்றி நின்ற எல்லாருக்கும் அது சரியாகவே பட்டது. வாசக்கால் நிறுத்திய அன்று மதினி அதற்கு மஞ்சள் பூசிக் குங்குமமும் வைத்தாள். கொத்தனாரால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

திறந்து ஒரு மாதமாகியும் ஒரு பெண்கூட உள்ளே போகவில்லை. ஆள் போகாத கட்டிடத்தில் பிளீச்சிங் பவுடரையும் துடைப்பத்தையும் போட்டு வைக்கலாம் என்று அலுவலகத்தில் பேச்சு வந்தது. அடுத்த கூட்டத்தில் முடிவு செய்வார்களாம். மதினிக்குச் சோறு இறங்கவில்லை. நான் தெருவுக்குப் போய்ப் பெண்களுக்குச் சுகாதாரம் பற்றி விளக்கினேன். பாடத்தில் படித்ததை எல்லாம் சொன்னேன். எதிர்வீட்டு அத்தை பீடி இலையை வெட்டிக்கொண்டே பொறுமையாகக் கேட்டுவிட்டு, கடைசியில் தலை நிமிர்ந்தாள்.

"ஏலே, வாசலுக்கு நேரே டீக்கடை. பெஞ்சு நெறய ஆம்பளைய. நான் வாளியோட உள்ள போனா எப்பப் போறேன், எப்ப வாறேன்னு எல்லாவனுக்கும் தெரியும்லா. வாய்க்காலுக்குப் போனா இருட்டாவது இருக்கும்."

அந்த டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்துதான் தினமும் நான் கல்லூரி பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். அந்தக் கதவைப் பார்த்தபடிதான்.

மதினியிடம் போய், தப்பு என்னுடையது என்றேன்.

"நானும் அங்கனதான நின்னேன்," என்றாள். "கெழக்கன்னதும் நல்லதுன்னு மஞ்சளும் பூசிட்டேன். ஒன்ன மட்டும் சொல்லி என்ன?"

மேற்குப் பக்கம் முள் அடர்ந்த உடைமரங்களும் எங்கள் தெருவின் கொல்லைப்புறமும்தான். வாசலை அங்கே மாற்றினால் போதும். ஆனால் அதை அத்தனை ஆண்கள் இருக்கும் கூட்டத்தில் எப்படிச் சொல்வது?

பெண் உறுப்பினர்களுக்குப் பின்னால் வீட்டு ஆண் ஒருவர் உட்கார்ந்து அவர்களுக்காகப் பேசுவது எங்கள் பேரூராட்சியில் வழக்கமாகிவிட்டிருந்தது. அண்ணனுக்கு ஆலை வேலை என்பதால் நான் போவேன். அன்றும் தலைவர் அவளைத் தாண்டி என்னைப் பார்த்துத்தான் தம்பி சொல்லுங்க என்றார். எழுதி வைத்திருந்த காகிதத்தோடு எழுந்தேன். மதினி என் சட்டை நுனியைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துவிட்டு அவளே எழுந்தாள்.

"அண்ணாச்சி, ஒங்க வீட்டு அக்காவ ஒரு நாளு அந்த வாசல் வழியா போகச் சொல்லுங்க. நீங்க எதிர்த்தாப்ல பெஞ்சுல இருந்து டீ குடிங்க. அதுக்குப் பெறவும் வாசல் கெழக்கதான் இருக்கணும்னா, தொடப்பத்தையே போட்டு வச்சுக்கிடுங்க."

யாரும் சிரிக்கவில்லை. ஓர் உறுப்பினர் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். தலைவர், மேற்கே மாற்றிவிடுவோம் என்று தாழ்ந்த குரலில் சொன்னார். அவர் சொன்னது என்னிடம் அல்ல, அவளிடம்.

அதே கொத்தனார் வந்து வாசக்காலைப் பெயர்த்து மேற்கே வைத்தார். கிழக்கே செங்கல் வைத்து அடைத்தார்கள். அடுத்து வந்த சனிக்கிழமை, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் கொல்லைப்புறப் பாதையில் திரும்பினேன். நல்ல உச்சிவெயில். எதிரே மதினியும் எதிர்வீட்டு அத்தையும் காலி வாளிகளோடு ஏதோ பேசிச் சிரித்தபடி வந்தார்கள். என்னைக் கண்டதும் மதினி நின்றாள்.

"கொழுந்தப்பிள்ளைக்கு இங்கன என்ன சோலி? இனி இந்தப் பக்கம் வரப்படாது, பாத்துக்கோ."

சரி மதினி என்று திரும்பினேன். ரோட்டைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அந்த ஊரில் இருந்தவரை அந்தப் பாதையில் மறுபடி நான் நடக்கவில்லை.