தகட்டின் மேல் காற்று

அலுவலகத்தில் அவளுக்குத் 'தகடு அக்கா' என்று பெயர். காற்றோட்டத்தைக் கணக்கிடும் புது மென்பொருள் வந்தால் மற்றவர்கள் கார், விமான இறக்கை என்று தாவுவார்கள். அவள் மட்டும் முதலில் ஒரு வெறும் தட்டைத் தகட்டின் மேல் காற்றை ஓடவிட்டுப் பார்ப்பாள். "இதுக்கு விடை புத்தகத்துலயே இருக்கு. இதையே தப்பா சொன்னா, வேற எதைச் சரியா சொல்லப்போகுது?"

தம்பியை அடக்கம் செய்த மறுவாரமே வேலைக்கு வந்துவிட்டாள். பைக் விபத்து. ஒரே தம்பி. துக்கம் கேட்க வந்தவர்களுக்கெல்லாம் காபி கலந்து கொடுத்தவள் அவள்தான். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. "கல்லு மாதிரி இருக்காளே!" என்று அம்மா சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள்.

மேலாளர் தயங்கித் தயங்கி வந்தார். "இன்னும் நாலு நாள் லீவு எடுத்துக்கோம்மா."

"வீட்டுல என்ன சார் பண்ணப்போறேன்? புது மென்பொருளைக் குடுங்க."

கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. கணினியில் தகட்டை வரைந்தாள். அதன் மேலுள்ள வெளியைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்தாள். தகட்டை ஒட்டித்தான் காற்றின் வேகம் சட்டென்று மாறும். அங்கே கட்டங்களை இன்னும் நெருக்கினாள். காற்று நுழையும் வேகத்தைக் கொடுத்து, கணக்கை ஓடவிட்டாள்.

காற்று தகட்டை உரசாமல் போகவே முடியாது, ஆனால் உராய்வு பூஜ்யம் என்று வந்தது. மறுபடி ஓட்டினாள். அதே பூஜ்யம். மென்பொருள் சரியில்லை என்று மேலாளருக்கு எழுதியும் அனுப்பிவிட்டாள்.

'மீசை' என்று எல்லோரும் கூப்பிடும் பக்கத்து இருக்கைக்காரன் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தான். சொல்லலாமா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் மீசையை நீவினான்.

"அக்கா, தகட்டுல காத்து வழுக்கிட்டுப் போற மாதிரி வச்சிருக்கீங்க."

தகட்டைத் தொடும் காற்று நகராது, அங்கே வேகம் பூஜ்யம். புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவள் சொல்லித்தரும் முதல் பாடமே அதுதான். வெட்கமாக இருக்க வேண்டுமே என்று நினைத்தாள். வெட்கமும் வரவில்லை.

"ஆமா," என்றாள். மாற்றி ஓட்டினாள். உராய்வுக் கோடு புத்தகத்தில் உள்ளபடியே அச்சாக வந்து உட்கார்ந்தது. தவறு தன்னுடையதுதான் என்று மேலாளருக்கு எழுதினாள்.

"கொஞ்சம் அழுதுடுங்களேன்க்கா," என்றான் மீசை.

"வரலியேப்பா. வரலைன்னா என்ன பண்றது?"

அவன் எழுந்து போகவில்லை.

அவள் அம்மாவுக்கு போன் போட்டாள். "அம்மா, இன்னைக்குக் கணக்கைத் தப்பாப் போட்டுட்டேன்மா."

"நீயா?" என்றாள் அம்மா. "கிளம்பி வந்துடு கண்ணு."

வீட்டில் அம்மா தட்டில் சோற்றைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். மகள் தலை நிமிராமல் சாப்பிட்டாள்.

"இன்னும் கொஞ்சம் போடட்டுமா?"

"போடும்மா."