கழுதை புரண்ட மூலை

காலை ஆறு மணி பத்து நிமிடம். நான் முதலில் கண்டது வானத்தைப் பார்த்த நான்கு கால்கள். எங்கள் வீட்டு வளவின் பின்மூலையில் ஒரு கழுதை மல்லாந்து மணலில் புரண்டுகொண்டிருந்தது. புனித அந்தோனியாருக்கு நான் நேர்ந்த ஒன்பது செவ்வாய்க்கிழமைகளில் அதுதான் கடைசி.

எங்கள் வீடு மன்னார் பேருந்து நிலையத்திலிருந்து கால்மணி நேர நடை. முன்னால் தார் வீதி, இடப்பக்கம் கோவில் மதில், பின்னால் வெறும் தரவை வெளி, வலப்பக்கம் றெஜினா அக்காவின் வளவு. காணி உறுதியின்படி இருபது பேர்ச் நிலம். இரண்டு அறை, ஒரு விறாந்தை, மூன்று தென்னை, ஒரு கிணறு. இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது சுவர்கள் நின்றன. கூரையும் வேலியும் இல்லை. இரண்டு பிள்ளைகளுடன் தறப்பாளுக்குக் கீழே இருந்தோம்.

வீட்டுத்திட்டத்தில் எங்கள் பெயர் இருந்தது. ஆனால் எல்லைத் தகராறு மாரிமழைக்கு முன் தீராவிட்டால் பெயரை வெட்டிவிடுவோம் என்று அரசாங்கக் கந்தோரில் சொன்னார்கள். தகராறு கிணற்றுக்குத்தான். முழுவதும் எங்களுடையது என்றேன் நான். முழுவதும் தன்னுடையது என்றார் றெஜினா அக்கா. வீதியோர எல்லைக்கல் இருந்தது. பின்மூலைக் கல்லைக் காணவில்லை. பழைய வேலி நின்ற இடமெல்லாம் என் கணவர் அலவாங்கால் குத்திப் பார்த்தார். மணல்தான்.

"உன்ர மாமா வேலி அடைக்கிற நேரமெல்லாம் கதியாலை ஒரு சாண் தள்ளி நட்டுத்தான் கிணத்தை விழுங்கினவர்" என்றார் அக்கா, என் கணவரின் தகப்பனைச் சொல்லி.

"செத்த மனுசனை இழுக்காதேங்கோ."

அதன்பின் நாங்கள் இருவரும் கதைக்கவில்லை.

"தொலைந்ததைக் காட்டித்தரும் புனிதரே, கல்லைக் காட்டும். கிணற்றை எங்களுக்கே தாரும்." செவ்வாய்தோறும் இதையே சொல்லி மெழுகுதிரி ஏற்றினேன். வீட்டுக்கு வந்தால் பின்மூலையில் கழுதை. ஒரே இடத்தில் புரண்டு புரண்டு குழியாக்குவது அவற்றின் பழக்கம். நான் மட்டை எறிந்து கலைப்பேன். குழியை மணல் போட்டு நிரப்புவேன். எட்டுக் கிழமையாக நாள்தோறும் அதையே செய்தேன்.

ஒன்பதாம் செவ்வாய்க்கு முந்திய இரண்டு நாளும் சின்னவனுக்குக் கடும் காய்ச்சல். வைத்தியசாலையே கதியென்று கிடந்தேன். குழியை நிரப்ப ஆள் இல்லை. திங்கள் இரவுதான் வீடு திரும்பினோம். இனி எதுவும் நடக்காது என்றுதான் அன்று காலை எழுந்தேன்.

கழுதை எழும்பி உதறிக்கொண்டு போனது. குழிக்குள் சீமெந்துக் கல் ஒன்றின் தலை தெரிந்தது. அதில் எல்லைக்கல்லின் வெட்டுக்குறி இருந்தது. பழைய வேலியிலிருந்து எங்கள் பக்கம் மூன்றடி உள்ளே.

அதை மூட ஒரு கூடை மணல் போதும். யாரும் பார்க்கவில்லை. கூடையைக் கையில் எடுத்தும் விட்டேன். கேட்டதுதானே கிடைத்திருக்கிறது என்ற எண்ணம் வந்தது. கூடையைக் கீழே வைத்தேன்.

"அக்கா, ஒருக்கா வாங்கோ. கழுதை கிடந்த இடத்தைப் பாருங்கோ."

"ஏன், கழுதையையும் நானோ அனுப்பினனான்?" என்றபடிதான் வந்தார். கல்லைக் கண்டதும் சிலுவை அடையாளம் போட்டார்.

"மாமா தள்ளினவர்தான். மன்னியுங்கோ" என்றேன்.

"விடடி. என்ர அப்புவும் எங்கட மற்றப் பக்கத்து வேலியைத் தள்ளினவர்தான்."

அந்த வெள்ளிக்கிழமை நில அளவையாளர் வந்தார்.

"ஆர் இதைத் தோண்டினது?"

"கழுதை, ஐயா" என்றார் அக்கா.

"நல்ல வேலைக்காரன்" என்று சொல்லி அவர் ஒரு கல்லிலிருந்து மறு கல்லுக்கு நூல் பிடித்தார். நூல் கிணற்றின் நடுவால் போனது. இருவரும் கையெழுத்து வைத்தோம். மாரிக்கு முன் கூரை ஏறியது.

என் மன்றாட்டில் முதல் பாதியைப் புனிதர் அப்படியே தந்தார். மறு பாதியைத் திருத்தித் தந்தார். எட்டுக் கிழமை அவர் திறந்ததை நான் மூடியிருக்கிறேன். தாமதம் அவருடையதல்ல. துன்பத்தில் இருக்கும் சகோதரரே, சகோதரிகளே, நம்பிக் கேளுங்கள். கேட்டபின் காலடியையும் ஒருமுறை பாருங்கள். ஆண்டவருக்கும் அந்தோனியாருக்கும் நன்றி.

எங்கள் கிணற்றில் இப்போது இரண்டு கப்பிகள் இருக்கின்றன.