அண்ணன் ஆடாத ஆட்டம்

எங்கள் சித்தப்பா ரக்பி ஆடியவர் என்று சொன்னால் இப்போது யாரும் நம்புவதில்லை. தோட்டத்துத் தமிழன் என்றால் காற்பந்து, அதை விட்டால் சடுகுடு என்று முடிவு கட்டிவிட்டார்கள். நான் வாதாடுவதில்லை. ரக்பி என்றாலே எனக்கு முதலில் வருவது கோபம். அந்தக் கோபத்தை யார்மேல் வைப்பது என்பதில்தான் இத்தனை வருஷமும் குழப்பம்.

ஈஜோக்குக்கும் கோலசிலாங்கூருக்கும் நடுவே இருந்தது எங்கள் தோட்டம். சித்தப்பா சிறுவனாக இருந்தபோது ரப்பர் மரம், நான் பிறப்பதற்குள் எண்ணெய் எடுக்கும் செம்பனை. சித்தப்பா என் அப்பாவுக்கு உடன்பிறந்த தம்பி. டவுன் ஆங்கிலப் பள்ளியில் படித்தபோது தன்னைவிட இரண்டு மடங்கு பெருத்த ஒருவனை இடுப்பைப் பிடித்துத் தூக்கிப் போட்டிருக்கிறார். பிரம்போடு ஓடிவந்த பஞ்சாபி வாத்தியார் அடிக்காமல், சாயங்காலம் ரக்பித் திடலுக்கு வா என்றாராம். எங்கள் குடும்பத்தில் சண்டை போட்டுப் பரிசு வாங்கிய ஒரே ஆள் அவர்தான். பள்ளி முடிந்ததும் கோலாலம்பூரில் ஓர் அரசாங்க இலாகா அவரை வேலைக்கு எடுத்தது. வேலை பெயருக்குத்தான், அவர்களுக்கு வேண்டியிருந்தது ரக்பிக் குழுவுக்கு ஒரு தோள். தோட்டத்து ஆட்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த எங்கள் லயத்தில் முதல் அரசாங்க உத்தியோகம் அப்படித்தான் வந்தது.

நன்றாகத்தான் ஆடினார். மூக்கு உடைந்தது, ஒரு காது சுருங்கிப் போனது, இரண்டு விரல்கள் திரும்ப நிமிரவே இல்லை. அதையெல்லாம் நகை போட்டதுபோல் காட்டிக்கொண்டு திரிந்தார். வலது முட்டி போனபோதுதான் இலாகாவுக்கு அவர் யாரென்றே மறந்துபோயிற்று. ஸ்டோரில் உட்கார வைத்து ஆணியும் விளக்குமாறும் எடுத்துக் கொடுக்கச் சொன்னார்கள். கைதட்டல் கேட்டுப் பழகிய மனுஷனுக்கு அது ஜெயில். யார் யாரையோ பிடித்துக் கெஞ்சி, கோச் வேலை கேட்டார். கொடுத்தார்கள், தற்காலிகமாக. உன் ஊர்ப் பக்கத்துப் பையன்களைத் திரட்டு, டவுன் திடலில் நடக்கும் போட்டியில் இறக்கு, எங்கள் அதிகாரி வந்து பார்ப்பார், எடுக்கிற மாதிரி ஒருவனாவது இருந்தால் நீ கோச், இல்லாவிட்டால் ஸ்டோருக்கே போ என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த ஒருவன் என் அண்ணன்.

அண்ணனுக்கு அப்போது பதினேழு வயது. எனக்குப் பத்து. செம்பனைக் குலை ஏற்றும் லோரியில் விடுமுறை நாளெல்லாம் வேலை செய்து அவன் தோள் கதவுபோல் அகன்றிருந்தது. ஓடினால் மண் அதிரும். அவனை அந்த அதிகாரி எடுத்துக்கொண்டால் சம்பளம், குவார்ட்டர்ஸ், ஓய்வூதியம். அம்மாவுக்குக் கோலாலம்பூரில் குழாயைத் திறந்தால் தண்ணீர். இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் சித்தப்பா. வாரக் கடைசியில் எங்கள் வீட்டில் வந்து தங்குவார். உரச்சாக்குகளில் சுங்கை பெசார் பக்கத்து நெல் ஆலை உமியை அடைத்து, மூட்டை மூட்டையாகத் திடலில் நிறுத்தி, முட்டித் தள்ளச் சொல்வார். காற்பந்து ஆடிய பையன்கள் பந்தைக் கையால் தூக்கிக்கொண்டு ஓடக் கூச்சப்பட்டார்கள். பந்தை முன்னால் எறியக்கூடாது, பின்னால்தான் கொடுக்க வேண்டும் என்றதும் பாதிப் பேர், இது என்ன கூத்து என்று சிரித்தார்கள். சித்தப்பா சிரிக்கவில்லை. நொண்டிக் காலை இழுத்துக்கொண்டு திடலின் நீளத்துக்குக் கத்துவார்.

"பயந்தவனுக்குத்தான்லா அடிபடும். தலைய ஒதுக்காத. மோது."

அப்பா ஒருநாள்கூட அந்தத் திடலுக்கு வந்து பார்க்கவில்லை. அவர் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர், மாரியம்மன் கோயில் பூசாரியும் அவர்தான். வேலைக்காட்டிலும் அவர் சொன்னதுதான், கோயிலிலும் அவர் சொன்னதுதான். பேச்சு மட்டும் மிகக் குறைவு. தம்பி வந்தால் சாப்பிட்டாயா என்பார், அதோடு சரி. தம்பி பட்டணம் போய்ப் பேர் வாங்கியது அப்பாவுக்கு வயிற்றெரிச்சல் என்று பத்து வயதில் நானே கண்டுபிடித்து வைத்திருந்தேன்.

போட்டி வந்து விழுந்தது தீமிதிக்கு முதல்நாள். தீமிதி ஞாயிறு, ஆட்டம் சனி. தீ மிதிக்கிறவர்களுக்கு ஒரு வாரம் முன்பே காப்புக் கட்டுவார்கள். மஞ்சள் கயிறு மணிக்கட்டில் ஏறிவிட்டால் கோயிலில்தான் படுக்கை, கோயிலில்தான் சாப்பாடு. திருவிழா முடிகிறவரை தோட்டத்து எல்லையைத் தாண்டக்கூடாது. தாண்டினால் என்ன ஆகும் என்று யாரும் சொன்னதில்லை, தாண்டியவனும் இல்லை. அண்ணன் இந்த வருஷம் காப்புக் கட்டமாட்டான் என்று எல்லாருக்கும் தெரியும். சித்தப்பா அம்மாவிடம் சொல்லி, அம்மாவும் அவனுக்கு வேலை கிடைக்க வேண்டிக்கொண்டு மஞ்சள் துணியில் காணிக்கை முடிந்து வைத்தாயிற்று.

காப்பன்று, சித்தப்பா கோலாலம்பூர் திரும்பிவிட்ட திங்கட்கிழமை, கோயிலில் நல்ல கூட்டம். பெண்கள் பக்கம் நின்ற எனக்கு அப்பாவின் முதுகு மட்டும்தான் தெரிந்தது. உடுக்கைச் சத்தத்தில் வேறெதுவும் கேட்கவில்லை. கூட்டம் விலகியபோது அண்ணன் ஈர வேட்டியோடு நின்றான். அவன் கையில் மஞ்சள் கயிறு.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அப்பா திருநீற்றுத் தட்டோடு எங்கள் பக்கம் வந்தபோது நான் நெற்றியைக் காட்டவில்லை. "அண்ணனுக்கு அவுத்து வுடுங்க," என்றேன், அத்தனை பெண்களுக்கும் கேட்கிற மாதிரி. அப்பா என்னைப் பார்த்துவிட்டு அடுத்த ஆளுக்குப் பூசப் போய்விட்டார். அம்மா அங்கேயே என் கன்னத்தில் ஒன்று வைத்தாள். வீட்டுக்கு வந்து அவளும் அழுதாள். அழுதது காப்புக்காகவா குழாய்த் தண்ணீருக்காகவா, எனக்குத் தெரியாது. அன்றைக்கு அப்பாவிடம் பேசுவதை நிறுத்தினேன். அவர் சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவ மாட்டேன் என்றேன்.

சித்தப்பாவுக்கு விஷயம் சனிக்கிழமை காலையில்தான் தெரிந்தது. பையன்களை ஏற்றிப்போக லோரியோடு வந்தவர் அண்ணனைத் தேடினார். யாரோ கோயில் பக்கம் கையைக் காட்டினார்கள். எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்தார், திரும்பக் கட்டினார். ஆட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்று பையன்கள் கூப்பிட்டதும் எழுந்து போனார்.

தோற்றார்கள். சும்மா தோற்கவில்லை, நாறிப்போய்த் தோற்றார்கள். அண்ணன் இடத்தில் ஆடிய பையனுக்குப் பந்து வந்த ஒவ்வொரு தடவையும் எதிராளிகள் அவனைப் படுக்கப் போட்டார்களாம். அதிகாரி பாதியிலேயே காரில் ஏறிப் போய்விட்டார். சித்தப்பாவின் கோச் வேலை அந்தக் காரோடு போயிற்று. பல வருஷம் கழித்து சுங்கை பெசார் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம் அவரைக் கூப்பிட்டதும், அங்கே கிண்ணம் மேல் கிண்ணமாக வாங்கிக் கொடுத்ததும் வேறு கதை. அந்தக் கிண்ணங்களில் ஒன்றுகூட எங்கள் வீட்டுக்குள் வரவில்லை. அவரும் வரவில்லை.

நான் அப்பாவை மன்னிக்கவில்லை. பேச ஆரம்பித்தேன், வேறு வழியில்லாமல். அண்ணன் செம்பனை லோரி ஓட்டியே காலத்தைத் தள்ளினான். ஒவ்வொரு தடவை அவனை அந்த எண்ணெய்க்கறைச் சட்டையில் பார்க்கும்போதும், ஒரு கயிற்றால் இவனைக் கட்டிப்போட்டாரே என்று அப்பாமேல் எரிச்சல் வரும். அவர் செத்தபோதும் அந்த எரிச்சலோடுதான் அழுதேன்.

போன வருஷம் அப்பாவின் திதியன்று படையல் முடிந்து சாப்பிடும்போது மறுபடி அந்தப் பேச்சை எடுத்தேன். வழக்கமாக அண்ணன் தலையைக் குனிந்துகொள்வான். அன்றைக்கு நிமிர்ந்தான்.

"அப்பாவ ஏசாத. நான்தான் கைய நீட்டுனேன்."

எனக்குப் புரியவில்லை. அவனே சொன்னான்.

"சனிக்கிழம ஆட்டம் இருக்கேடான்னு கேட்டாரு. கட்டுங்கன்னேன். கொஞ்ச நேரம் என் மூஞ்சியவே பாத்தாரு. அப்புறம் கட்டிட்டாரு. எனக்குப் பயம். சித்தப்பா முட்டிக்கு வாராவாரம் நான்தான தைலம் தேப்பேன்? உள்ள நறநறன்னும். கையில அது ஒட்டிக்கிட்ட மாதிரியே இருக்கும்."

"தீயில எறங்க மட்டும் பயமில்லையா?"

"தீ நம்மள பாத்து ஓடி வராதுல்ல."

ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கத்தினேன். இந்த உடம்பை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது, அந்த லயத்தில், அந்தச் சித்தப்பாவிடம் என்றான். அப்பாவும் யாரிடமும் வாயைத் திறக்காதே என்றுவிட்டாராம். திறக்கவில்லை, இரண்டு பேரும். ஒருத்தர் போய்ச் சேர்ந்துவிட்டார். படையல் இலையின் முன்னால் கைகழுவாமல் எழுந்து வெளியே போனேன். அப்பாவின் படத்துக்கு முன் நின்று மன்னிப்புக் கேளுங்கள் என்கிறாள் என் மகள். எதற்குக் கேட்க வேண்டும்? பெற்ற பெண் வருஷக்கணக்கில் வெறுத்துக்கொண்டே சோறு போட்டாளே, அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் குறைந்தா போயிருப்பார்? அண்ணனோடும் இப்போது பேச்சில்லை. சித்தப்பாவுக்கு இன்னமும் தெரியாது. அவரிடம் போய்ச் சொல்கிற நெஞ்சு எனக்கும் இல்லை.

ஆனால் அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது. லோரி வந்து நின்றதும் சித்தப்பா இறங்கி நேராகக் கோயிலுக்கு வந்தார். கால் முழுக்கச் சேறு. பின்னாலேயே பாதி லயம் வந்தது. காப்புக் கட்டியவர்கள் உள்ளே வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், நடுவில் அண்ணன். அப்பா வாசலில் நின்றிருந்தார்.

"அவன் வாழ்க்கையில மண்ணப் போட்டீங்களே அண்ணே. நல்லா இருப்பீங்களா?"

சித்தப்பா அப்பாவின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"டேய், நீ சொல்லுடா. ஒங்கப்பா கட்டி வுட்டாரா, நீயா கட்டிக்கிட்டியா? எனக்கு அது தெரியணும். எந்திரிச்சு வா, என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

அண்ணன் எழுந்திருக்கவில்லை. கையை ஊன்றி எழப் பார்த்தவன் திரும்ப உட்கார்ந்தது உள்ளே தூணருகே நின்ற எனக்குத் தெரிந்தது. விரதம், பசி என்று நினைத்துக்கொண்டேன்.

"அவன என்னா கேள்வி?" என்றார் அப்பா. "நான்தான் கட்டி வுட்டேன். எனக்குப் புடிக்கல. போ."

சித்தப்பா படியில் கால் வைத்தார். அப்பா ஓரடி நகர்ந்து, இரண்டு கைகளாலும் நிலையைப் பிடித்துக்கொண்டு வாசலை முழுக்க அடைத்து நின்றார். அதன்பிறகு வெளியே நின்ற யாராலும் அண்ணனைப் பார்க்க முடியவில்லை. சித்தப்பா தள்ளினார், அப்பா அசையவில்லை. எனக்கு அந்த முதுகில் ஓங்கிக் குத்தவேண்டும்போல் இருந்தது. இவ்வளவும் செய்துவிட்டு, சேற்றுச் சப்பாத்தோடு தம்பி கோயிலுக்குள் வந்துவிடக்கூடாது என்று மறிக்கிறாரே, என்ன மனுஷன் இவர் என்று நினைத்தேன்.